கோயமுத்தூரில் வாங்கிய இரட்டை லென்ஸ் கேமரா

கேமரா வாங்கக் கோயமுத்தூர் போகிறவர்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் போனது போன மார்கழியில், ஒரு செவ்வாய்க்கிழமை. நிதானமாக நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிற நிலையில் நான் இல்லை. தொண்டாமுத்தூரில் இருக்கும் என் அப்பாவுக்கு மறுநாள் புதன்கிழமை பெரியாஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். இதயம் பலவீனமாக இருக்கிறது, வேண்டியவர்கள் எல்லாரும் முன்னாடியே வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது. என்னிடம் ஒரு பெட்டி கேமரா இருந்தது. வெயில், மேகம் என்று இரண்டே குறி. கண்ணில் வைத்துப் பித்தானை அமுக்கினால் சரி. வெயிலில் நிற்கிற கோயில் தேரையெல்லாம் நன்றாகவே எடுத்தது. அம்மாவை மட்டும் வீட்டு நிழலில் வைத்து எடுத்துத் தொலைத்தேன். கழுவி வந்ததில் வெள்ளைச் சேலை தெரிந்தது, முகம் இருந்த இடத்தில் இருட்டுதான் இருந்தது. அடுத்த ஆடியில் அம்மா போய்விட்டாள். அப்பா விஷயத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

உடுமலையிலிருந்து காலை ஐந்தரை பஸ். பொள்ளாச்சி வழியாக நாற்பத்தைந்து மைல், சுமார் இரண்டரை மணி நேரம். வலதுபக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், கிணத்துக்கடவு தாண்டியதும் வெயில் முகத்திலேயே அடிக்கும். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மடியில் பழைய கேமரா, சட்டைக்குள் பணம். பஸ் குலுங்கியபோதெல்லாம் இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் கடைசியில் என்னிடமிருந்து சற்று நகர்ந்தே உட்கார்ந்துவிட்டார்.

ஒப்பணக்கார வீதியில் கடைகள் ஒன்பதரைக்குத்தான் திறக்கின்றன. நான் எட்டேகாலிலிருந்து படியில் நின்றேன். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவசரம் தெரியாதவர். முதலில் என் பழைய கேமராவின் அண்ணன் மாதிரி ஒன்றைக் காட்டினார். நிழலில் அதுவும் அதே லட்சணம்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்தது சின்ன ஃபிலிம் போடுகிற ஜப்பான் கேமரா. முப்பத்தாறு படம் விழும், நிழலிலும் எடுக்கும். வாங்கிவிடலாம் என்று வாய் திறக்கும்போதுதான், அந்தச் சின்ன நெகட்டிவைப் பெரிதாக்கிப் போட உடுமலை ஸ்டூடியோவில் கருவி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் யோசியுங்கள். உங்கள் ஊர் ஸ்டூடியோவுக்கு எது கைவருமோ அதுதான் உங்களுக்கு நல்ல கேமரா.

மூன்றாவது கேமரா கடையிலேயே இல்லை. துடியலூரில் ஒரு மில் குடும்பத்தில், வீட்டுக்கார அம்மாவே வைத்திருக்கும் ஜெர்மன் கேமரா, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், விற்கப் போவதாகச் சொன்னார்கள் என்றார். இப்போது புதிது எங்கேயும் வருவதில்லையாம். என் பழையதை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு ஃபிலிம் ரோலும் பன்னிரண்டு ரூபாயும் கொடுத்தார். இன்னொரு ரோல் கேட்டேன். அடுத்த வாரம்தான் வரும் என்றார்.

துடியலூர், மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏழு மைல். டவுன் பஸ்ஸில் இறங்கி மில் சங்குச் சத்தம் கேட்ட பக்கமாக நடந்தேன். அந்த அம்மாவின் பெயர் சீத்தம்மா. வேலைக்காரனிடம் தெலுங்கு, என்னிடம் அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழ். சினிமா எடுக்கிற கேமரா ஒன்று வாங்கப் போவதால் இதை விற்பதாகச் சொன்னார். லென்ஸில் பூஞ்சை இருக்குமோ என்று நான் பத்துத் தடவை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்ததை அவர் பொறுத்துக்கொண்டார். பூஞ்சை இல்லை. இருநூற்றிருபது ரூபாய் என்றார், பேரம் பேசக்கூட எனக்குத் தெம்பில்லை.

இந்தக் கேமராவைக் கண்ணில் வைப்பதில்லை. வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேலே இருக்கும் கண்ணாடியைத் தலை குனிந்து பார்க்க வேண்டும். அதில் உருவம் இடம் வலமாகத் தெரியும்.

"நீங்க சோத்துக்கைப் பக்கம் போனீங்கன்னா படம் அக்கட்டால போவுங்க. ரெண்டு ரோலு வேஸ்ட்டாச்சுன்னா பழகிப்போயிருமுங்க" என்றார் சீத்தம்மா.

என்னிடம் ஒரே ரோல்தான் இருக்கிறது என்பதை வெட்கத்தில் சொல்லவில்லை. அவர் மேல்மூடியில் இருந்த சின்னக் கதவைத் தள்ளித் திறந்து, கூட்டத்தில் எடுப்பதானால் இந்தச் சட்டத்தின் வழியாகக் கண்ணில் வைத்தும் பார்க்கலாம், ஆனால் தூரத்தை நாமே கணக்குப் பண்ணித் திருகில் வைக்க வேண்டும் என்றும் காட்டினார். தலையாட்டினேன். காதில் பாதிதான் ஏறியது. மனசு முழுக்கத் தொண்டாமுத்தூர் பஸ்ஸில் இருந்தது.

அந்தப் பஸ் டவுனிலிருந்து இரண்டே முக்காலுக்கு. பதினொரு மைலுக்கு ஒரு மணி நேரம் உருட்டினான். மலை அடிவாரத்தில் பொழுது விழுவதற்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஐந்து மணிக்கு மேல் வெளிச்சத்தை நம்பக் கூடாது. வீட்டுக்குப் போனால் அப்பா இல்லை. முந்தின ராத்திரி வாழைக்குள் யானை புகுந்துவிட்டதாம், தகர டின் கட்டத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதை வைத்துக்கொண்டு யானை விரட்டப் போன மனிதரை என்ன சொல்ல! தோட்டம் அவருடையதுகூட இல்லை. நாங்கள் பரம்பரையாகக் கூலிக்காரர்கள். நான் ஒருத்தன்தான் படித்து உடுமலைக் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா ஆனவன்.

ஒரு மைல், பாதி நடை பாதி ஓட்டம். தென்னை மரத்தடியில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வந்தாயா என்றுகூடக் கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டார். படம் எடுக்க வேண்டும் என்றதும் தலையில் இருந்த உருமாலையைச் சரியாகக் கட்டிக்கொண்டு மரத்தை ஒட்டி நின்றார். மலை விளிம்பில் சூரியன் தொட்டாகிவிட்டது.

முதல் இரண்டு படம் இடம் வலக் குழப்பத்தில் தென்னை மரத்துக்குப் போயிற்று. மூன்றாவதில் அப்பாவைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தேன். தலை குனிந்து, முகம் தெளிகிற வரை திருகி, பித்தானில் விரலை வைத்தபோது கண்ணாடியில் முகத்தைக் காணோம். உருமாலையின் உச்சி தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால், இரண்டு கையும் கூப்பி, இடுப்பை வளைத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்.

கும்பிட வேண்டாம், சும்மா நில்லுங்கள் என்றேன். சரி என்றார். நான் குனிந்தேன், அவரும் குனிந்தார். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டே குனிந்தார், அடுத்த நிமிஷம் கை தானாக மறுபடி கூப்பிக்கொண்டது. அவர் நிமிர்கிற சமயம் பார்த்து அமுக்கலாம் என்று நினைத்து இன்னும் சிலவற்றைத் தொலைத்தேன். ஏழு போய்விட்டது. அம்மா முகத்து இருட்டுதான் கண்ணில் நின்றது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்பதையும் மறந்து கத்திவிட்டேன்.

"நிமுந்து நில்லுங்கப்பா!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ தலை குனிஞ்சுட்டு நிக்கறயேங்க கண்ணு. எதுக்க நிக்கறவன் நான் மட்டும் எப்படி நிமுந்து நிக்கறது? ஒடம்பு கேக்கறதில்லீங்க" என்றார்.

தோட்டத்துக்காரர் எதிரே வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வளைகிற உடம்பு அது. பேண்ட் போட்ட ஒருவன் எதிரே தலை குனிந்தால் அது இன்னும் கீழேதான் போகும். பெற்ற மகன் என்றாலும் அதற்குத் தெரியவில்லை.

அப்போதுதான் சீத்தம்மா காட்டிய சட்டம் ஞாபகம் வந்தது. கதவைத் திறந்து கேமராவைக் கண்ணில் வைத்தேன். அப்பா நேராக நின்றார். எங்களுக்கு நடுவில் பத்தடி. திருகைப் பத்தில் வைத்து, மிச்சமிருந்த ஐந்தையும் எடுத்து முடித்தபோது வாழைத்தோட்டம் கறுக்கத் தொடங்கிவிட்டது.

ஆபரேஷன் வியாழன் காலை. மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ரோலைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று நர்ஸ் வந்து சொன்னபிறகும் கையைத் திறக்கப் பயமாக இருந்தது.

மறு வாரம் உடுமலையில் கழுவினோம். கண்ணில் வைத்து எடுத்த ஐந்தும் மங்கல். பின்னால் இருந்த வாழைகள் ஒவ்வொரு இலையாகத் தெரிகின்றன, அப்பா மட்டும் புகை மாதிரி நிற்கிறார். ஜெர்மன்காரன் திருகில் போட்டிருந்தது அடிக் கணக்கல்ல, மீட்டர் கணக்கு. ஸ்டூடியோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மிச்சத்தில் இரண்டு தென்னை மரம், மற்றதெல்லாம் உருமாலை, ஒன்றைத் தவிர. ஆறாவது படம். கை கூப்பி வளைந்து நிற்கிற அப்பா, நான் நிமிர்ந்துவிட்டேனா என்று பார்ப்பதற்காகக் கண்ணை மட்டும் மேலே தூக்கியிருக்கிறார். முழு முகமும் விழுந்திருக்கிறது. கன்னத்து மச்சம்கூடத் தெரிகிறது.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்கு. இரண்டு ரோலாவது கையில் இல்லாமல் புதுக் கேமராவைத் தொடாதீர்கள். திருகில் இருப்பது அடியா மீட்டரா என்று கேளுங்கள். புதியதில் ஒரு படம் கழுவிப் பார்க்கிற வரைக்கும் பழையதை விற்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கூலிக்காரர்களைப் படம் எடுப்பதானால் முன்னாடியே நின்று நாலு வார்த்தை பேசுங்கள், சட்டத்தின் வழியாகப் பாருங்கள், அவர்கள் எதிரில் குனியாதீர்கள்.

தை கடைசியில் அப்பா உடுமலைக்கு வந்து எங்களோடு பத்து நாள் இருந்தார். இளைத்திருந்தார். படத்தைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுல நான் ஆருக்குக் கும்புடு போடறனுங்க?"

"எனக்குத்தானுங்கப்பா."

மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"அப்பச் செரி" என்றார். "செவுத்துல மாட்டு."