சிரித்துக்கொண்டே கைதானவன்

சிகா ஃபாய் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் எங்கள் ஆற்று முகத்துவாரத்தில் போங்கா மீனைப் புகையில் வாட்டி விற்பவள். ஊரில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை, பயம் உண்டு. வாய் அப்படி. அவள் புருஷன் லாத்தீர் ஜூஃப் படகு மோட்டார் பழுதுபார்ப்பவன். அவன் வாய் அதைவிட மோசம். அமைச்சர் திறந்துவைத்த படகுத்துறையில் கப்பல் வராது, ஆடு மேய்க்கலாம் என்று வானொலிக்குத் தொலைபேசியில் சொன்னான். நாடே சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை.

அவனைப் பிடிக்க வந்தவர் காவலர் சிடியா சாம்பு. அவர் ஜோலாக்காரர், இவர்கள் செரேர்கள். இரண்டு இனத்துக்கும் கேலி முறை. பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், கோபித்துக்கொள்பவன்தான் மானங்கெட்டவன். சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள்: செத்தவனைக் காட்டி, சோம்பேறி, கல்லறைக்கும் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறான் என்பார்கள். அழுகிறவர்களே சிரித்துவிடுவார்கள்.

முற்றத்தில் மூன்றாவது சுற்றுத் தேநீர் ஓடிக்கொண்டிருந்தது.

"டேய் அடிமை, எழுந்திரு. எசமான் கூப்பிடறேன். ஸ்டேஷன் வரைக்கும் வா."

"சோத்துப்பானை வந்துட்டான்டா! ஏன், ஸ்டேஷன்ல இன்னைக்கு அரிசி தீந்து போச்சா?"

சிகா அடுப்புப் புகைக்குள்ளிருந்து கத்தினாள்: "கூட்டிட்டுப் போ, சிடியா! திருப்பிக் கொண்டாந்துடாத. எனக்கு மீனாவது மிச்சமாகும்!"

எல்லோரும் சிரித்தார்கள். லாத்தீர் செருப்புகூடப் போடாமல், சிரித்துக்கொண்டே போனான்.

மறுநாள் காவல் நிலையத்தில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். தலைநகரிலும் அதையே சொன்னார்கள். சிடியாவை நாட்டின் உட்பகுதியில் தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். சிகா பேருந்தேறிப் போய் அவரைக் கண்டுபிடித்தாள்.

"கேலி முறைக்காரி கேட்டா மறுக்கக் கூடாது. நீதான் கூட்டிட்டுப் போனேன்னு கோர்ட்ல வந்து சொல்லு."

"அடிமைக்குக் கோர்ட் எதுக்கு? போய் மீனைத் திருப்பிப் போடு," என்றார் அவர். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளூர் நீதிமன்றம் தேதிமேல் தேதி போட்டது. கடைசியில் ஒரு வக்கீலம்மா வழக்கை அபுஜா நகரிலுள்ள மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே அரசின் வாதம் ரசிக்கத்தக்கது. லாத்தீரை நாங்கள் பிடிக்கவே இல்லை. பிடித்திருந்தாலும் அவராக விரும்பித்தான் வந்தார் என்றார்கள்.

அரசு வக்கீல் கேட்டார்: "போகும்போது உங்க வீட்டுக்காரர் சிரிச்சாரா?"

"சிரிச்சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சிகா பொய் சொல்லியிருக்கலாம். வக்கீலம்மாவும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருப்பாள்.

"திருப்பிக் கொண்டாராதன்னு சொன்னேன்," என்றாள் சிகா. மொழிபெயர்ப்பாளர் அதை உரக்க ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் பக்கத்துக் கேலி முறையை அறிந்த நீதிபதி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் ஜெயித்தாள். காரணமின்றி அடைத்துவைத்தது சட்டவிரோதம், லாத்தீர் ஜூஃபை உடனே விடுவிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பைக் கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை; ஆளைக் கொடுப்பது அரசின் வேலை. அரசு காலஅவகாசம் கேட்டது. சிகா அவனுடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். புதுச் செருப்பு வாங்கினாள்.

அந்த வாரம் சிடியா வந்தார். சீருடை இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"வணக்கம்மா. உள்ள வரலாங்களா?"

"யாருடா அம்மா? குடிச்சிருக்கியா, அடிமைப்பயலே?"

"உங்க வீட்டுக்காரர் இப்ப இல்லம்மா. கூட்டிட்டுப் போன அந்த வாரமே... அடிச்சதுல. எங்க பொதைச்சாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நான் வண்டி வரைக்கும்தான் கூட்டிட்டுப் போனேன்."

சிகா மீன் புரட்டும் குச்சியைக் கீழே வைத்தாள்.

"செத்தவன பத்தி இப்படியா சொல்லுவாங்க? முறையா சொல்லு. சோம்பேறின்னு சொல்லு. என்னை அடிமைன்னு சொல்லு."

"முடியலம்மா."

"சோத்துப்பானை! கள்ளுக்குடுவை! காட்டுக்குரங்கு!" ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தாள். அவர் தலை குனிந்தபடி நின்றார்.

பக்கத்து முற்றங்களில் பெண்கள் முதலில் சிரித்தார்கள். சிகாவுக்கு இன்று நல்ல வேட்டை என்றாள் ஒருத்தி. பிறகு பதில் வசவு வரவில்லை, ஒரே ஒரு குரல்தான் கேட்கிறது என்பதைக் கவனித்தார்கள். சிரிப்பு நின்றது. அடுப்பிலிருந்ததை இறக்கிவைத்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொருத்தியாக அந்த வீட்டை நோக்கி நடந்தார்கள்.