இரண்டு வருஷம் முந்தி வந்த ரொட்டிக் கூடை

எவரிஸ்தோ வயிற்று எரிச்சல் என்று எங்கள் கிளினிக்குக்கு மூன்று முறை வந்துவிட்டான். டாக்டருக்கு ஸ்பானிஷ் தெரியாது. மொழிபெயர்த்தவள் அவன் மகள் யாரெலி, பதிமூன்று வயது. பெற்ற பெண்ணின் வாயால் எந்த அப்பன் தன் மனக்கஷ்டத்தைச் சொல்லுவான்? தூக்கமில்லை என்பதைக்கூட விழுங்கிவிட்டான். மூன்று முறையும் வயிற்றுக்கு மாத்திரை. ஸ்பானிஷ் பேசும் எங்கள் மெக்சிகோ ஆட்களைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் இருபது வருஷம் குனிந்தே பிழைத்தவன். மெக்சிகோவுக்குப் போன மனைவி அங்கேயே இறந்தபோது, கையில் ஆவணம் இல்லாததால், போனால் திரும்பிவர விடமாட்டார்கள் என்று பயந்து இங்கேயே இருந்துவிட்டான். அடக்கத்தைப் போனில் பார்த்தான்.

ஒரு ஞாயிறு மதியம் இஸ்திரி போட்ட சட்டையும் ரொட்டிக் கூடையுமாக என் வீட்டு வாசலில் நின்றான்.

"பெனிதாக்கா, யாரெலியோட பதினஞ்சாம் பிறந்தநாள் விருந்துக்கு நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏன், ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்று சிரித்தபடி, சம்மதத்துக்கு அடையாளமாகக் கூடையை வாங்கக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது. எங்களில் ரொட்டியோடு வந்து கேட்பது விருந்துக்கு ஐந்தாறு மாதம் இருக்கும்போதுதான். இதற்கோ இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

"இப்பவே என்னப்பா அவசரம்?"

"சும்மாதான்க்கா. நான் இல்லாட்டியும் நீங்க பாத்துப்பீங்கல்ல."

உள்ளே உட்காரவைத்து நேராகவே கேட்டேன். "செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?"

ஆமாம் என்று தலையசைத்தான்.

"டாக்டர்கிட்ட ஏன்டா சொல்லல?"

"பிள்ளை வாயால எப்படிக்கா சொல்றது?"

கூடையை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். "இதை இப்ப வாங்கமாட்டேன். நேரம் வரும்போது நீயே கொண்டு வா." ஞாயிறென்றும் பாராமல் போன் போட்டு, அன்றே அவனை ஸ்பானிஷ் பேசும் மனநல டாக்டரிடம் அழைத்துப்போனேன். யாரெலியை வரவழைத்து என் வீட்டில் இருக்கச் சொன்னேன்.

அதிலிருந்து வியாழன்தோறும் அவன் அந்த டாக்டரிடம் உள்ளே பேசுவான், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். மற்ற நாட்களில் அவன் போனை எடுக்கத் தாமதமானால் நேரே அவன் வீட்டுக்கே போய்விடுவேன். ஒரு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன வியாழன் வெளியே வந்தவன் கேட்டான். "அக்கா, கூடையோட எப்ப வரலாம்?"

"கூடைக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. முன்னாடி வந்தே, கதவைத் திறக்கமாட்டேன்."

"சரிக்கா," என்றான். "ஆறு மாசம் கழிச்சே வர்றேன்."