டிரை டேயில் பானகம்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், வங்காளத் தலைநகரின் கரியாஹாட் பகுதியில் ஒரு மாடி பப்பில் நான் கம்ப்ளையன்ஸ் ஆபீசராக இருந்தேன். ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாதவள். வயது குறைந்தவர்களுக்கு ஊற்றாமலும், மூடும் நேரம் தவறாமலும், லைசென்ஸ் பறிபோகாமலும் பார்த்துக்கொள்வது என் வேலை. அம்மா காளிகாட் மாமிகளிடம், "பொண்ணு ஏதோ சட்ட டிபார்ட்மென்ட்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு வருஷம் காந்தி ஜெயந்தி புரட்டாசி சனிக்கிழமையில் வந்தது. அம்மாவின் பஜனைக் கோஷ்டி பாடவிருந்த ஹாலில் முழங்காலளவு மழைத் தண்ணீர். அம்மா போன் செய்தாள்.

"ஏண்டி, உங்க ஆபீஸ் இன்னிக்கு மூடித்தானே இருக்கு?"

"அம்மா, அது பப்."

"மேடை இருக்கோன்னோ? மைக் இருக்கோன்னோ? அப்புறம் என்ன?"

வங்காளி முதலாளி, பூஜை என்றதும் சம்மதித்துவிட்டார். மது விற்கக் கூடாத நாள் என்பதால் பார் கவுன்டரை முந்தின நாளே பூட்டி அரக்கு வைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில் மாமிகளை மேலே ஏற்றினேன். ஜால்ராச் சத்தத்தில் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிரசாதத்துக்குக் கொண்டுவந்த காகித டம்ளர்கள் மழையில் கூழாகிவிட, அம்மா அலமாரியிலிருந்த பீர் கிளாஸ்களைக் கழுவிப் பானகத்தை ஊற்றிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எக்சைஸ் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். அவர் கண்ட காட்சி: மடிசார் மாமிகள், கையில் பீர் கிளாஸ், உள்ளே பழுப்பாக ஏதோ, எல்லோரும் கண்மூடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

"மேடம், ஏட்டா கீ?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

"வெல்லத் தண்ணீர் சார்."

நம்பவில்லை. ஒரு கிளாஸை வாங்கி மோந்தார். ஒரே மூச்சில் பாதியை விழுங்கினார். அம்மா சுக்கில் என்றைக்குமே கஞ்சத்தனம் செய்ததில்லை. அவர் முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்தது.

"கலா ஜ்வோலே கேலோ! தொண்டை எரியுது! இது வெல்லமா?"

"சுக்கு, தாதா, சுக்கு! ஜலதோஷம் பறந்துடும்," என்றாள் அம்மா, வங்காளி முறையில் அவரை அண்ணனாக்கி.

அரக்கு முத்திரையைத் தடவிப் பார்த்தார். உடையவில்லை. இருமினார். பிறகு இன்னொரு கிளாஸ் கேட்டார். போகும்போது மனைவிக்கும் ஜலதோஷம் என்று ஒரு காலி வாட்டர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டார்.

நான் வாசலில் மறித்தேன்.

"சார், டிரை டேயில் பப் வாசலிலிருந்து பழுப்புத் தண்ணியோட நீங்க இறங்கினா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? அனுமதிக்க முடியாது."

அவர் என்னையும் பாட்டிலையும் மாறிமாறிப் பார்த்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும். படியிலேயே நின்று முழுவதையும் குடித்துத் தீர்த்தார். கீழே தெருமுனை திரும்பும்வரை இருமல் கேட்டது.

"பாவம், மூக்கு நன்னா திறந்திருக்கும்," என்றாள் அம்மா.