தங்கையின் கணவனுக்கு வளர்த்த எலும்பு

என் தங்கையின் கணவனுக்காக ஆய்வுகூடத்தில் வளர்ந்துகொண்டிருந்த எலும்பை அழித்தவள் நான்தான். கை தவறவில்லை. தெரிந்தே செய்தேன்.

தங்கையின் கணவன் ரவி கிரான் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது லொறி மோதியது. முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு எலும்பே இல்லாமற்போயிற்று. அவனுடைய எலும்பு மச்சையிலிருந்து குருத்துக் கலங்களை, அதாவது எலும்பாக வளரக்கூடிய உயிரணுக்களை, எடுத்து, அந்த இடைவெளியின் அளவுக்கே வார்த்த நுண்துளைச் சட்டகமொன்றில் விதைத்தோம். கலங்கள் எலும்பாக மாறுவதற்கு அந்தச் சட்டகமே வழிகாட்டும். அவனுக்கு மட்டுமே பொருந்தும் எலும்பு அது. நாள்தோறும் அதற்கு ஊட்டத் திரவம் மாற்றியவள் நான்.

ஒரு நண்பகல் ஆரையம்பதியில் அவர்கள் வீட்டுக்குச் சோறு கொண்டு போனேன். கட்டிலில் கிடந்தபடியே தங்கை வாணியின் தலைமயிரைக் கையில் சுற்றி, அவள் முகத்தைக் கட்டில் சட்டத்தில் மோதிக்கொண்டிருந்தான் ரவி. அவள் கத்தவில்லை... பழகியவள் போல் கண்ணை மூடியிருந்தாள். பாய்ந்து அவன் கையைக் கடித்தேன். தோல் கிழிந்த பிறகுதான் விட்டான்.

"நான் எழும்பி நடக்கட்டும். உன்னையும் பாக்கிறன்" என்றான் என்னிடம்.

அவனை நடக்கவைக்கப் போவது யார்? நானல்லவா?

கல்லடிப் பாலத்தைக் கடந்து ஆய்வுகூடத்துக்கு வந்தேன். கையுறைகூடப் போடவில்லை. சட்டகத்தை வெளியே எடுத்து, இடுக்கியால் குத்தினேன். தூளாகும்வரை குத்தினேன். உயிருள்ள ஒன்றைக் கொல்கிறேன் என்று தெரிந்தது. இனித்தது என்று சொன்னால் என்னை வெறுப்பீர்கள்... இனித்தது.

கிருமி தொற்றிவிட்டதாக வைத்தியரிடம் பொய் சொன்னேன். மறுபடி வளர்ப்பதற்குள் காயம் அழுகிவிட்டது. அவன் காலை வெட்டி எடுத்தார்கள்.

அன்று வைத்தியசாலை விறாந்தையில் வாணி என் தோளில் சாய்ந்தாள்.

"அவர் எழும்பி நடந்த உடனே விட்டுட்டுப் போறதெண்டுதான் இருந்தன் அக்கா. உடுப்பெல்லாம் கட்டி வச்சிட்டன். இனி எப்பிடிப் போறது? கால் இல்லாத மனிசன்..."

அவள் தப்பிப்போக இருந்த ஒரே வழியை அல்லவா நான் குத்தி நொறுக்கியிருக்கிறேன்?

இப்போது அவன் ஊன்றுகோலால் அடிக்கிறான். போன கிழமை அவளுடைய முன்கை முறிந்தது. என்னிடம்தான் வந்தாள்.

"விழுந்திட்டன் எண்டு சொல்லுங்க அக்கா."

சொன்னேன். வைத்தியர் நம்பினார்.

எலும்பை அழித்தது நான்தான் என்று வாணியிடம் சொன்னால் அவள் அவனை விட்டுப் போவாளா, என்னை விட்டுப் போவாளா... தெரியவில்லை. இன்னும் சொல்லவில்லை.