பறக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கிய கதை

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஆண்டுக்கொரு முறை பட்டிமன்றம் நடக்கும். பெண்கள் அணிக்கு எப்போதும் யாரும் சீந்தாத பக்கம்தான் கிடைக்கும். ஓர் ஆண்டு மாமியார் கொடுமைக்குப் பரிந்து பேச வைத்தார்கள். பேசினோம், தோற்றோம். அதற்கடுத்த ஆண்டும் தோற்றோம். எண்பதுகளின் நடுவில் கோயில் செயற்குழுவினர் முடிவாகவே சொல்லிவிட்டார்கள். இந்த முறையும் சொதப்பினால் இனி மேடையில் பெண்கள் அணி கிடையாது, வேண்டுமானால் கோலப் போட்டி வைத்துக்கொள்ளலாம் என்று. கோலம் போட எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அதைக் கேட்டபோது உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆண்டுத் தலைப்பு இதுதான்: ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மக்கள் நினைவில் நிற்கப் போகிறவன் நம் தமிழ்ப் பட வீரனா, ஆங்கிலப் படத்தில் பறக்கிற வீரனா? எங்களுக்கு எது வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த ஊரில், கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு, உடுப்புக்கு மேல் ஜட்டி போட்டவனுக்கு வாதாட வேண்டும். அணித் தலைவி நான். பகலில் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட்.

"மேடையில ஏறிக் கத்துறதுக்கா உன்னை டைப்பிங் படிக்க வெச்சேன்?" என்றார் அம்மா. வரமாட்டேன் என்றவர், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நடுவர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்தால் காசு செலவாகிவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார். தொடக்கத்தில் அவருக்குச் சிவப்புப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை மடித்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

எதிரணித் தலைவர் கிள்ளானிலிருந்து வந்த தமிழாசிரியர். வெண்கலக் குரல். நம் வீரன் தாயைத் தொழுததையும் ஏழைக்கு உழைத்ததையும் அவர் அடுக்கியபோது நானே கை தட்டப் பார்த்தேன். முடிக்கும் முன் சபையைப் பார்த்துக் கேட்டார்: "அந்தப் பறக்கிறவன் படத்தின் கதையை இங்கே யாராவது சொல்லுங்கள். ஒருவர் சொன்னாலும் நான் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்." "இப்பவே மறந்தாச்சு லா," என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது.

என் முறை வந்தது. ராத்திரியெல்லாம் டைப் அடித்த தாளில் அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். அது இனி உப்புக்கும் பெறாது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன்.

"ஆசிரியர் சொன்னது சரி. கதை நினைவில்லை. முதல் பாகம் வந்தது, இரண்டாம் பாகம் வந்தது, மூன்றாவதும் வந்தது. எதில் எந்த வில்லன் என்று எனக்கே குழப்பம். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு வருகிறவர்களுக்கும் கதை நினைவிருக்காது. ஆனால் தாய்மார்களை ஒன்று கேட்கிறேன். அந்தப் படம் வந்த பிறகு உங்கள் வீட்டில் துண்டு காணாமல் போனதா, இல்லையா?"

ரயில்வே குவார்ட்டர்ஸில் படம் வந்த வருஷம் கொடியில் ஒரு துண்டு தங்கவில்லை. எல்லாம் பறக்கிறவன் முதுகில் தொங்கும் சிவப்புத் துணி மாதிரி பிள்ளைகளின் கழுத்தில் ஊக்கு குத்திக்கொண்டு மாடிப்படியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தன. முதலில் உயர்ந்த கை கடைசி வரிசையிலிருந்து. என் அம்மாவின் கை. தம்பி கிழித்த துண்டை அவர் மறக்கவில்லை. பிறகு பெண்கள் பக்கம் முழுக்கக் கைகள்.

முன்வரிசையில் நடுவரின் மனைவி எழுந்து நின்றார். அவர்கள் வீட்டில் துண்டுக்குத் துவாய் என்று பெயர். "இஞ்சேருங்கோ, உங்கட சிவப்புத் துவாய் எங்க போனதெண்டு சபைக்குச் சொல்லுங்கோ."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மகன்ர கழுத்தில ஊசி குத்திக் கட்டி விட்டது ஆர்? நீங்கள்தானே? இப்ப வெளிநாட்டில படிக்கிறான். டெலிபோன் எடுத்தால் அந்தத் துவாய்க் கதைதான் கதைக்கிறான்."

நடுவர் சிரித்ததை அன்றுதான் அந்த ஊர் பார்த்தது.

எனக்கு வேறென்ன வேண்டும்? விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டேன். "நம் வீரன் ஒருவர்தான். அவரைப் போல் இன்னொருவர் நடிக்க முடியாது. அது அவர் பெருமை, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் பறக்கிறவன் வேஷம் கூத்து வேஷம் மாதிரி. இன்றைக்குக் கட்டியவர் போவார், நாளைக்கு இன்னொருவர் கட்டுவார், வேஷம் நிற்கும். பாகத்துக்கு மேல் பாகம் வரும், ஆள் மாறுவார், அந்தத் துண்டு மாறாது. கொட்டகைக்குள் நடந்ததை மறப்பார்கள். வீட்டுக்கு வந்து தாங்களே கட்டிக்கொண்டதை எப்படி மறப்பார்கள்?"

கைத்தட்டலில் மைக்கே கேட்கவில்லை. தமிழாசிரியர்கூடத் தலையாட்டினார். நல்ல மனிதர்.

நடுவர் நீட்டி முழக்கவில்லை. "நானே சாட்சியாய்ப் போன பிறகு தீர்ப்பில என்ன கிடக்கு? பெண்கள் அணிக்குத்தான் வெற்றி," என்றார். பிறகு செயற்குழுவினர் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷத் தலைப்பை இந்தப் பிள்ளையளே தெரிவு செய்யட்டும்," என்றார். கோலப் போட்டி என்று சொன்னவர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நடுவர் தன் பொன்னாடையை எடுத்து என் தோளில் போர்த்தினார். பெரியவர் போர்த்தியதும் கும்பிட்டு, கழற்றி, மடித்துக் கையில் வைத்துக்கொள்வதுதான் முறை. நான் கும்பிட்டேன். பிறகு இரண்டு முனைகளையும் இழுத்துக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மண்டபம் எழுந்து நின்றது.

வாசலில் அம்மா காத்திருந்தார். எங்கே திட்டிவிடுவாரோ என்று முடிச்சில் கை வைத்தேன்.

"கழட்டாத," என்றார். "வீடு வரைக்கும் அப்படியே வா. எல்லாரும் பாக்கட்டும்."

சாயங்காலக் கூட்டத்தில் பூக்கடைகளைத் தாண்டி, முதுகில் சிவப்புப் பொன்னாடையோடு நடந்தேன். வழியில் நின்றவர்களை விலகச் சொல்லிக்கொண்டே அம்மா எனக்கு முன்னால் போனார்.