ஒன்பதாம் நாள் திரும்பி வந்த விஷம்

1991 அக்டோபர் 21, திங்கட்கிழமை, காலை 9.40. மேகம் மூடியிருந்தது, மழை இல்லை, புழுக்கம் மட்டும். தொண்டி சாலையில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவ அலுவலர். வரிசையில் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு முனியசாமியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

முனியசாமி கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். பன்னிரண்டாம் தேதி சுருட்டை விரியன் அவர் காலில் கடித்தது. இதே இடத்தில் ஆறு குப்பி விஷமுறி மருந்து ஏற்றினேன். நான்காம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். இப்போது காய்ச்சல் 101. முழங்காலும் மணிக்கட்டும் வீங்கியிருந்தன. உடம்பெல்லாம் தடிப்பு, ஓயாத அரிப்பு.

"வெசம் திரும்பிருச்சு சார்," என்றார் அவர் மனைவி ராக்கு. "மூணு கொத்து வேப்பெல குடுத்தேன். கசக்கலைங்கிறாரு."

வேம்பு கசக்காவிட்டால் விஷம் உள்ளே இருக்கிறது என்பது அந்தப் பக்கத்துப் பரிசோதனை. நான் முனியசாமியையே கேட்டேன்.

"காய்ச்சல்ல எச்சிலே கசக்குது சார். இதுல வேம்பு எங்கன தனியாக் கசக்கும்?" என்றார்.

மூட்ட முதலாளி கருப்பையா கட்சித் துண்டோடு முன்னால் வந்தார். "அதே ஊசிய இன்னொரு தடவ போடுங்க சார். மருந்து இல்லையா?"

"இருக்கு. நாலு குப்பி. போடமாட்டேன்."

இன்றைய டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் 'அலர்ஜி' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு ஒரே மாத்திரையைக் கொடுக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது. ஒவ்வாமை நான்கு வகை. பென்சிலின் போட்டுச் சில நிமிடங்களில் மூச்சடைத்தால் அது முதல் வகை. மாற்று வகை ரத்தம் ஏற்றி, உள்ளே அணுக்கள் உடைந்தால் இரண்டாம் வகை. சிமெண்டில் கை வைக்கும் கொத்தனாருக்கு ஓரிரு நாள் கழித்துத் தோல் வெடித்தால் நான்காம் வகை. முனியசாமிக்கு வந்தது மூன்றாம் வகை, சீரம் சிக்னஸ். விஷமுறி குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்தக் குதிரைப் புரதத்தை எதிர்க்க உடம்பு ஒரு வாரம் போல எடுத்துக்கொள்கிறது. பிறகு புரதமும் எதிர்ப்பொருளும் ஒட்டிக்கொண்டு மூட்டிலும் ரத்தக் குழாயிலும் படிகின்றன. அதனால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்கு முன் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்க வேண்டும். இங்கே ஒன்பது நாள். உடம்பு சண்டைக்குத் தயாராக நிற்கும்போது அதே குதிரை மருந்தை மறுபடி ஏற்றினால், முதல் வகை வந்து அங்கேயே உயிர் போகலாம்.

இதைச் சொன்னேன். கருப்பையா கேட்கவில்லை. "அப்ப வெசம் இல்லைன்னு காட்டுங்க."

நிலையத்தில் சோதனைக் குழாய்கள் மூன்று, ஒன்றில் விரிசல். காய்ந்த குழாய் ஒன்றில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து மேசைமேல் நிறுத்தினேன். "இருபது நிமிசம் யாரும் தொடக்கூடாது. விரியன் வெசம் இருந்தா ரத்தம் உறையாது."

இருபது நிமிடம் ஆனதும் குழாயைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

"கோழி ரத்தங்கூடத்தான் சட்டியில உறையுது," என்றார் கருப்பையா.

"கோழியப் பாம்பு கடிக்கலையே!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கருப்பையாவுக்கு முகம் கறுத்தது. "தூக்குங்கலே கட்டில, ராம்நாட்டுக்குப் போவோம். மனுப் போட்டு இந்த ஆளத் தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்புறேன்."

"இதுவே அந்தக் காடுதான்யா," என்றேன்.

ராக்கு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். "ஊசி போட்டா என்னாகும், போடாட்டி என்னாகும்? ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க."

"போட்டா மூச்சு நிக்கலாம். போடாட்டி, நான் குடுக்கிற மாத்திரையில மூணு நாள்ல வீக்கம் வத்தும். வத்தலேன்னா என் சட்டையப் பிடி."

"பிடிப்பேன் சார்," என்றவர் முதலாளியிடம் திரும்பினார். "இங்கனயே கிடக்கட்டும்யா."

வீக்கம் வற்ற பிரட்னிசோலோன் மாத்திரை கொடுத்தேன். திடீரென்று மூச்சடைத்தால் போட அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். சிறுநீரகம் தப்பியதா என்று சிறுநீர் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ராக்கு காலையும் மாலையும் என் அறை வாசலில் நின்று என் சட்டையைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் முனியசாமி தானே எழுந்து டீக்கடைக்கு நடந்தார்.

கருப்பையாவின் மனு அந்தத் திங்கட்கிழமையே போய்விட்டது. உயிர் காக்கும் மருந்தை மறுத்தேன் என்று குற்றச்சாட்டு. விசாரணை அதிகாரி நல்லவர். "ஸ்டாக் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க டாக்டர், முடிச்சிடலாம்," என்றார். அப்படி எழுதினால் அடுத்த சீரம் சிக்னஸ் ஆளுக்கு, ஸ்டாக் இருக்கும் நாளில், எந்த டாக்டராவது பயந்து ஊசியைப் போட்டுவிடுவான்.

"ஸ்டாக் இருந்தது. தேவையில்லை, ஆபத்து. அதனால் கொடுக்கவில்லை," என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நோயாளி கேட்பதைக் கொடுப்பது வைத்தியம் அல்ல. காரணம் சொல்லி மறுக்கத் தெரிவதும் வேலையில் பாதி. இன்று கேட்டாலும் அதே மூன்று வாக்கியம்தான் எழுதுவேன்.

ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். மாதம் எழுபத்தைந்து வீதம், அகவிலைப்படி சேர்க்காமல், தொள்ளாயிரம் ரூபாய்.