கேட்காமல் எழுதிய பத்து வரி

ஒரு வார இதழுக்குப் பல வருஷமாகக் குறிப்புகள் எழுதி வருகிறேன். ஒவ்வொன்றும் பத்து வரிதான். டி.வி. நாடகங்களில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஏன் எப்போதும் வேலைக்காரர்களாகவே வருகிறார்கள், திருவிழாவில் சாமியைவிடத் தலைவரின் கட்அவுட் ஏன் உயரமாக இருக்கிறது என்றெல்லாம் எழுதுவேன். இதழில் வந்ததும் ஃபேஸ்புக்கிலும் போடுவேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். துணிச்சலாக எழுதுகிறீர்கள் என்று சக ஆசிரியர்கள் சொன்னால் மனம் குளிர்ந்துபோகும்.

ஒரு பெருமழையில் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்தது. உயிர்கள் தப்பின, வீடுகள் தப்பவில்லை. எங்கள் பாடசாலையில் ஒரு பக்கத்து வகுப்பறைகளில்தான் எல்லோரையும் தங்கவைத்தார்கள். அவர்களில் ஒருத்தி, என்னோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் கொழுந்தெடுக்கப் போனாள், நான் ஆசிரியை ஆனேன். வழியில் கண்டால் நின்று பேசுவோம். அவள் மட்டும் எப்போதோ என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு இளைஞன் லொறியில் அரிசியும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தான். யூடியூப்பில் காணொளி போடுகிறவன். அன்று மாலையே அதை ஆசிரியர் அறையில் பார்த்தோம். அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி என் தோழி தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கேமராவுக்கு முன்னால் அழுதால்தான் அரிசியா என்று கேட்டிருந்தேன். அவள் யார் என்பதையும் எழுதினேன்: வகுப்பில் முதலாவதாக வந்தவள், புருஷன் வேறு ஒருத்தியோடு நுவரெலியாவில் குடித்தனம் நடத்த, ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவள். பெயர் போடவில்லை. இதழுக்கு அனுப்பிவிட்டு, இம்முறை அது வரும்வரை காத்திராமல் அன்றே ஃபேஸ்புக்கிலும் போட்டேன்.

நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். காணொளியையும் என் குறிப்பையும் சேர்த்தே பகிர்ந்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து, பாடசாலை விட்ட பிறகு அவள் இருந்த வகுப்பறைக்குப் போனேன். நனைந்த துணிகளை மேசைகள்மேல் விரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி, பொது அடுப்பிலிருந்து பிளேன்டீ வாங்கி வந்து தந்தாள். அவள் நன்றி சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

மகள் போன் செய்ததாகச் சொன்னாள். மகள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோதே அப்பா செத்துவிட்டார் என்று சொல்லித் தோழி வளர்த்திருக்கிறாள். கடையில் கூட வேலை செய்கிற பிள்ளை என் குறிப்பைக் காட்டியிருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று மகள் கேட்டாளாம். கேட்டுவிட்டுப் போனை வெட்டிவிட்டாளாம்.

பெயர் போடவில்லையே என்றேன். சொன்னதுமே கூசியது.

"அந்தத் தம்பி வீடியோ எடுக்கவான்னு கேட்டுச்சு டீச்சர். தலைய சீவிக்கிறேன்னேன், நின்னுச்சு. அழச் சொல்லி யாரும் சொல்லல. மண்ணுக்குள்ள போன தையல் மெசின நெனச்சு அழுதேன். நீங்களும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

கோபமாகச் சொல்லவில்லை. துணியை உதறிக்கொண்டே சொன்னாள். அவள் எதற்காக அழுதாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்ததாக நினைத்து எழுதியிருந்தேன். எப்போதோ வழியில் என்னிடம் சொல்லி, மற்றவர்களிடம் அவள் ஒளித்து வைத்திருந்ததையோ ஊருக்கே எடுத்துக் கொடுத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்றேன். சரி டீச்சர் என்றாள்.

அன்றே ஃபேஸ்புக்கிலிருந்து அதை நீக்கினேன். அதற்குள் யார் யாரோ பிரதி எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். இதழிலும் அச்சாகிவிட்டது. மகளின் நம்பரைக் கேட்டேன், நானே பேசிப் புரியவைக்கிறேன் என்றேன். வேண்டாமென்று தலையாட்டினாள்.

மகள் நுவரெலியாவுக்குப் போய் அப்பாவைத் தேடிப் பிடித்தாள் என்று பிறகு வேறொருவர் மூலம் அறிந்தேன். மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறாராம். என்ன பேசினார்களோ தெரியாது. அம்மாவிடம் மட்டும் வரவில்லை.

தோழிக்கு இப்போது தற்காலிகமாக ஒரு தகரக் கொட்டகை கிடைத்திருக்கிறது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையில் கரும்புத் துண்டு. மகள் வருகிறாளா என்று கேட்டுவிட்டேன்.

"லீவு இல்லையாமுங்க," என்றாள்.

அவளுடைய பஸ் வந்தது. ஏறி, எனக்கு முகம் தெரியாத பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.